முதலிடம் பிடித்த அணிக்கு ஏன் சொந்த மைதானம் இல்லை?

கேள்வி:

ஐயா, என் மகன் ப்ளூமிங்டனில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். 2025 பருவத்தில் அவர்களுடைய அமெரிக்கக் கால்பந்து அணி ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது. ஆனால் ப்ளேஆஃப் தொடங்கியபோது ஐந்தாம் எண் ஓரிகனுக்கு அவர்கள் ஊரில் ஆட்டம் கிடைத்தது. எட்டாம் எண் ஒக்லஹோமாவுக்கும் கிடைத்தது. எங்கள் பிள்ளைகள் மட்டும் கலிஃபோர்னியா, அட்லாண்டா, மயாமி என்று அலைய வேண்டியிருந்தது. அந்த ஓரிகனை அக்டோபரில் அவர்கள் ஊருக்கே போய் ஜெயித்தவர்கள் இவர்கள். சொந்த ஊர் ஆட்டத்தை யார், எதை வைத்துக் கொடுக்கிறார்கள்? பணமும் பெரிய மைதானமும் உள்ள கல்லூரிக்குத்தான் கிடைக்குமா? மகனிடம் கேட்டால், "அது அப்படித்தாம்மா" என்கிறான்.

— வாசகி, இண்டியானாபோலிஸ்

பதில்:

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் நேரான பதில் இருக்கிறது. பணத்துக்கும் மைதானத்தின் அளவுக்கும் இதில் வேலை இல்லை. எந்தக் கல்லூரியும் விண்ணப்பம் போட்டோ, தொகை கட்டியோ சொந்த ஊர் ஆட்டத்தை வாங்க முடியாது. ப்ளேஆஃப் அட்டவணையில் உங்கள் அணிக்கு விழும் எண் 5, 6, 7, 8 என்ற நான்கில் ஒன்றாக இருந்தால் முதல் சுற்று உங்கள் ஊரில் நடக்கும். ஐந்தாம் எண் பன்னிரண்டாம் எண்ணை வரவேற்கும். ஆறு பதினொன்றை, ஏழு பத்தை, எட்டு ஒன்பதை. ஒன்றிலிருந்து நான்குவரை வந்தவர்களுக்கு முதல் சுற்றே கிடையாது. நேராகக் கால் இறுதிக்குப் போய்விடுவார்கள். கால் இறுதி முதல் எல்லா ஆட்டங்களும் பொது மைதானங்களில்தான். ஆகவே முதல் நான்கு இடத்தில் வரும் அணி, கோப்பையையே வென்றாலும், தன் ஊர் மக்கள் முன்னால் ஒரு ப்ளேஆஃப் ஆட்டம்கூட ஆடாது. இண்டியானாவுக்கு நடந்தது அதுதான்.

ஏலம் விட்ட இடமும் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இதற்கு அடுத்த படியில் உள்ள எஃப்சிஎஸ் பிரிவில் 1978 முதலே ப்ளேஆஃப் நடக்கிறது, பெரும்பாலும் கல்லூரி மைதானங்களிலேயே நடக்கிறது. அங்கே எண் ஒதுக்கப்படாத இரண்டு அணிகள் மோதும்போது, எந்தக் கல்லூரி கூடுதல் தொகைக்கு உறுதி தருகிறதோ அதற்கே ஆட்டத்தைக் கொடுக்கும் வழக்கம் பல ஆண்டுகள் இருந்தது. பணம் பேசுமா என்ற உங்கள் சந்தேகம் காற்றில் பிறந்ததல்ல. ஆனால் நீங்கள் கேட்கும் மேல்பிரிவில் அந்த வழி இல்லை.

அப்படியானால் எண்ணை யார் போடுகிறார்கள்? 13 பேர் கொண்ட தேர்வுக் குழு. கல்லூரி விளையாட்டுத் துறை இயக்குநர்கள், முன்னாள் பயிற்சியாளர்கள், முன்னாள் ஆட்டக்காரர்கள் போன்றவர்கள் அதில் இருப்பார்கள். டெக்சஸ் மாநிலத்தில் கிரேப்வைன் என்ற ஊரில் கூடுவார்கள். நவம்பர் தொடக்கத்திலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு தரவரிசை வெளியாகும். கான்ஃபரன்ஸ் எனப்படும் கல்லூரிக் கூட்டமைப்புகளின் இறுதியாட்டங்கள் முடிந்த மறுநாள், டிசம்பர் தொடக்கத்து ஞாயிற்றுக்கிழமை, கடைசித் தரவரிசை வரும். கணக்கில் எடுக்கப்படுவது அந்தக் கடைசிப் பட்டியல் மட்டுமே. எதிரணிகளின் வலிமை, நேருக்கு நேர் முடிவு, இருவருக்கும் பொதுவான எதிரணியிடம் யார் எப்படி ஆடினார்கள், கான்ஃபரன்ஸ் பட்டம் ஆகியவற்றைப் பார்த்து வாக்களிப்பார்கள். தன் கல்லூரியைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த உறுப்பினர் அறையை விட்டு வெளியே போக வேண்டும். கணினி வந்து எண்ணைத் துப்புவதில்லை. மனிதர்கள் உட்கார்ந்து பேசி, சண்டை போட்டு, வாக்குப்போட்டு முடிவெடுக்கிறார்கள். இதில் குறை சொல்ல நிறைய இருக்கிறது. ஆனாலும் ஒளிவுமறைவான பேரம் என்று நான் சொல்லமாட்டேன்.

இனி உங்கள் மகனும் அறிந்திருக்கிறானோ என்னவோ, ஒரு விஷயம் சொல்கிறேன். ப்ளூமிங்டனுக்கு ஒரு ப்ளேஆஃப் ஆட்டம் வந்திருக்க வேண்டியது. அது 2025இல் அல்ல, அதற்கு முந்தைய பருவத்தில்.

12 அணிகள் ஆடும் முறை 2024 பருவத்தில்தான் தொடங்கியது. அந்த முதல் ஆண்டில் ஒரு விதி இருந்தது: முதல் நான்கு அட்டவணை எண்கள் கான்ஃபரன்ஸ் பட்டம் வென்ற அணிகளில் சிறந்த நான்குக்கு மட்டுமே. குழுவின் தரவரிசையில் பாய்சி ஸ்டேட் ஒன்பதாவது, அரிசோனா ஸ்டேட் பன்னிரண்டாவது. ஆனால் பட்டம் வென்றவர்கள் என்பதால் அட்டவணையில் அவர்கள் மூன்றாகவும் நான்காகவும் ஏறினார்கள். மூன்றாவதாக இருந்த டெக்சஸ் ஐந்துக்கு இறங்கியது, நான்காவதாக இருந்த பென் ஸ்டேட் ஆறுக்கு இறங்கியது. அந்தத் தள்ளுமுள்ளில் மூன்றிலிருந்து எட்டுவரை வரிசை முழுக்க இரண்டு இடம் சரிந்தது. தரவரிசையில் ஏழாவதாக இருந்த டென்னசி ஒன்பதாம் எண் ஆனது. எட்டாவதாக இருந்த இண்டியானா பத்தாம் எண் ஆனது. இரண்டுமே சொந்த மைதானத்தை இழந்து வெளியூர் போயின. இண்டியானா சவுத் பெண்டுக்குப் போய், குளிரில், நோட்டர் டேமிடம் 27-17 என்று தோற்றது. டென்னசி கொலம்பஸுக்குப் போய் ஓஹாயோ ஸ்டேட்டிடம் 42-17 என்று நொறுங்கியது. தரவரிசைப்படியே எண் போட்டிருந்தால் இண்டியானா எட்டாம் எண். பாய்சி ஸ்டேட் ப்ளூமிங்டனுக்கு வந்திருக்கும்.

2025 மே மாதம் அந்த விதியை மாற்றினார்கள். பட்டம் வென்ற ஐந்து சிறந்த அணிகளுக்கு உள்ளே வர இடம் உறுதி, ஆனால் எண் மட்டும் தரவரிசைப்படிதான் என்று ஆயிற்று. நல்ல மாற்றம், அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் ப்ளூமிங்டனுக்கு அதனால் பலன் இல்லை. ஏனென்றால் அந்த ஆண்டு இண்டியானா எட்டாவதாக வரவில்லை. கான்ஃபரன்ஸ் இறுதியில் ஓஹாயோ ஸ்டேட்டை 13-10 என்று வென்று முதலாவதாக வந்தது. ஒரு வருடம் விதி தடுத்தது, மறுவருடம் வெற்றியே தடுத்தது.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் உள்ள கோட்டை இந்த விளையாட்டின் ரசிகர்கள் இன்னும் போதிய அளவு கவனிப்பதில்லை என்பது என் எண்ணம். யார் உள்ளே, யார் வெளியே என்ற சண்டைதான் எப்போதும் பெரிதாகப் பேசப்படுகிறது. 2025இல் மயாமியா, நோட்டர் டேமா என்று நாடே கத்தியது. இருவரும் மோதிய ஆட்டத்தில் மயாமி 27-24 என்று ஜெயித்திருந்ததால் கடைசியில் மயாமிக்குப் பத்தாம் இடம், நோட்டர் டேமுக்குப் பதினொன்று. அட்டவணையின் பதினொன்றாம், பன்னிரண்டாம் எண்கள் பட்டம் வென்ற டுலேனுக்கும் ஜேம்ஸ் மேடிசனுக்கும் போக வேண்டியிருந்ததால் நோட்டர் டேம் வெளியே நின்றது. அந்தக் கூச்சலுக்கு நடுவே ஒக்லஹோமா எட்டு, அலபாமா ஒன்பது என்ற வரி அமைதியாகக் கடந்துபோயிற்று. அந்த ஓர் இடம்தான் ஆட்டத்தை அலபாமாவின் ஊரான டஸ்கலூசாவிலிருந்து ஒக்லஹோமாவின் நார்மனுக்கு நகர்த்தியது. நவம்பரில் டஸ்கலூசாவுக்கே போய் 23-21 என்று ஒக்லஹோமா ஜெயித்திருந்தது. அந்த இரண்டு புள்ளிக்குக் கிடைத்த கூலி ஒரு டிசம்பர் இரவு ஆட்டம்.

அந்த ஆட்டத்தில் ஒக்லஹோமா 17-0 என்று முன்னே போய், பிறகு 34-24 என்று தோற்றது வேறு கதை. சொந்த மைதானம் வெற்றிக்கு உத்தரவாதம் இல்லை. 2024இல் வரவேற்ற நான்கு அணிகளும் ஜெயித்தன. 2025இல் ஓரிகனும் மிசிசிப்பியும் ஜெயிக்க, ஒக்லஹோமாவும் டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் தோற்றன. ஒரு லட்சம் பேர் உட்காரும் தன் மைதானத்தில் டெக்சஸ் ஏ அண்ட் எம் எடுத்தது மூன்றே புள்ளி; மயாமி 10-3 என்று கிளம்பிப் போனது. ஆனாலும் எந்தப் பயிற்சியாளரைக் கேட்டாலும் வீட்டில் ஆடவே விரும்புவார். எதிரணி பந்தை வைத்திருக்கும்போது கூட்டம் எழுப்பும் சத்தத்தில், பந்தை எப்போது நகர்த்துவது என்று சொல்லும் குரல் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. போதாததற்கு வெளியூர் அணிக்கு ஒதுக்கப்படும் டிக்கெட் 3,500தான். மீதி மைதானம் உள்ளூர்க்காரர்களுடையது, அவர்கள் விற்றால் ஒழிய. 2024இல் கொலம்பஸில் டென்னசியின் ஆரஞ்சு நிறம் கணிசமாகத் தெரிந்ததற்கு, விற்றவர்கள் நிறைய இருந்ததே காரணம்.

ஆட்டம் கல்லூரி மைதானத்தில்தான் நடக்க வேண்டுமா என்றால், கட்டாயம் இல்லை. எண்ணில் மேலே உள்ள கல்லூரி விரும்பினால் வேறு இடத்தைக் குறிப்பிடலாம். முதல் இரண்டு பருவங்களில் எட்டு கல்லூரிகளும் தங்கள் மைதானத்தையே தேர்ந்தெடுத்தன, அது இயல்புதான். பெரிய மைதானங்களுக்கு டிசம்பர் குளிரே ஒரு வேலை: பென் ஸ்டேட் தன் மைதானத்தைப் புதுப்பித்தபோது குளிர்காலத்தைத் தாங்கும்படி செய்வதும் திட்டத்தில் சேர்ந்தது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024, 2025 பருவங்களில் ப்ளேஆஃபுக்குள் வந்த ஒவ்வோர் அணிக்கும் 40 லட்சம் டாலர், கால் இறுதிக்கு வந்தால் இன்னொரு 40 லட்சம் என்று அதன் கான்ஃபரன்ஸுக்குப் போனது. முதல் சுற்றில் ஆடாமல் நேராகக் கால் இறுதிக்கு வந்தவர்களுக்கும் இரண்டும் சேர்ந்தே போனது. ஆகவே சொந்த ஊர் ஆட்டம் இல்லாததால் இண்டியானாவின் அணி இந்தக் கணக்கில் எதையும் இழக்கவில்லை. இழந்தது ப்ளூமிங்டன் ஊர்தான்: விடுதிகளும் உணவகங்களும், அன்று மைதானத்தில் இருந்திருக்க வேண்டிய உங்கள் மகனைப் போன்றவர்களும்.

இப்போது உங்கள் வருத்தத்தின் மையத்துக்கு வருகிறேன். முதல் நான்கு அணிகளுக்கு ஏன் கால் இறுதியைச் சொந்த ஊரில் கொடுக்கவில்லை? காரணம் 'பவுல்' எனப்படும் பழைய ஆட்டங்கள். ரோஸ், சுகர், ஆரஞ்சு, காட்டன், பீச், ஃபியஸ்டா ஆகிய ஆறும் முறைவைத்துக் கால் இறுதிகளையும் அரையிறுதிகளையும் நடத்துகின்றன. பசடினாவில் ரோஸ் பவுல் முதன்முதலில் நடந்தது 1902இல். ஜனவரி முதல் தேதி பிற்பகல் என்பது அவர்களுக்குக் கிட்டத்தட்ட சொத்து. 12 அணி முறையை 2024இலேயே தொடங்க ரோஸ் பவுல் சம்மதித்ததே 2022 நவம்பர் கடைசியில், நீண்ட இழுபறிக்குப் பிறகு. அந்த மரபின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதன் விலையை முதல் நான்கு அணிகளும் அவற்றின் ரசிகர்களும் கட்டுவது நியாயமில்லை.

கணக்கைப் பாருங்கள். 2024இல் முதல் சுற்று ஓய்வு பெற்ற நான்கு அணிகளும் கால் இறுதியில் தோற்றன. 2025இல் ஓஹாயோ ஸ்டேட், ஜார்ஜியா, டெக்சஸ் டெக் மூன்றும் தோற்றன. எட்டில் ஜெயித்தது ஒன்றே ஒன்று, அது உங்கள் இண்டியானா. அலபாமாவை 38-3 என்று வென்றது. மூன்று வாரத்துக்கு மேல் ஆடாமல் உட்கார்ந்துவிட்டு, பொது மைதானத்தில் சூடாக இருக்கும் அணியைச் சந்திப்பது பரிசா என்று சந்தேகப்பட இந்த எட்டு ஆட்டங்கள் போதும். கால் இறுதியைக் கல்லூரி மைதானங்களுக்குக் கொண்டுவந்து, பவுல்களுக்கு அரையிறுதியை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இண்டியானா பட்டம் வென்ற இறுதியாட்டம் நடந்த மயாமி கார்டன்ஸ் மைதானம், எதிரணியான மயாமியின் சொந்த மைதானம். அது யாரும் கொடுத்த சலுகை அல்ல. இறுதியாட்டத்தின் ஊர் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடும். பத்தாம் எண்ணாக வந்த மயாமி அங்கே போய்ச் சேர்ந்தது தற்செயல். ஆக, அந்த ஆண்டு இண்டியானா வீட்டில் ஒரு ப்ளேஆஃப் ஆட்டமும் ஆடாமல், கடைசியில் எதிரியின் வீட்டில் 27-21 என்று ஜெயித்தது.

அடுத்த முறை நவம்பர் செவ்வாய்க்கிழமைகளில் தரவரிசை வரும்போது, நான்குக்கும் ஐந்துக்கும் இடையே ஒரு கோடு, எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே ஒரு கோடு போட்டு வையுங்கள். பட்டம் வென்ற சிறிய அணி ஒன்று பட்டியலின் கீழே இருந்தால் கவலைப்பட வேண்டாம்; அது கடைசி எண்களைத்தான் எடுத்துக்கொள்ளும், எட்டாம் இடத்தைத் தொடாது. இண்டியானா அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தால், டிசம்பர் மூன்றாம் வாரத்துக்கு விடுமுறைப் பயணச்சீட்டு எதுவும் எடுத்துவிடாதீர்கள். தேர்வு முடிந்து மாணவர்கள் ஊருக்குக் கிளம்பும் வாரம் அது. எண் அறிவித்த ஞாயிறுக்கும் ஆட்டத்துக்கும் நடுவே இரண்டு வாரம்கூட இருக்காது. மாணவர் டிக்கெட்டைப் பற்றி மகன் அன்றைக்கே கல்லூரியில் விசாரித்துக்கொள்வது நல்லது.