பணம் வரவில்லை என்றால் எத்தனை அர்த்தம்?

சந்தா வாங்கும் நிறுவனங்களுக்குப் பில் போடும் மென்பொருளைத் தருவதற்காக 2011-ல் சென்னையில் தொடங்கப்பட்டது சார்ஜ்பீ. பணம் கைக்கு வராத இன்வாய்ஸுக்கு அதன் ஏபிஐ மூன்று நிலைகளை வைத்திருக்கிறது. ‘போஸ்டட்’ என்றால் கெடு இன்னும் முடியவில்லை. ‘பேமெண்ட் டியூ’ என்றால் பணம் வரவில்லை, வசூலிக்க மறுபடி முயன்றுகொண்டிருக்கிறது. ‘நாட் பெய்ட்’ என்றால் எல்லா முயற்சியும் தோற்றுவிட்டது.

1964-ல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இன்று லேத் பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே மென்பொருள் அலுவலகங்களும் இருக்கின்றன. அங்கே பில்லிங் சரிபார்க்கும் ஏஐ ஏஜென்ட்டுகள் பயன்படுத்தும் கருவிகளுக்கு விளக்கம் எழுதும் குழு ஒன்றில் இதை எழுதுபவரும் இருக்கிறார். வசூல் மேசையிலிருந்து தினமும் வரும் கேள்வி ஒன்றுதான்: “யார் யார் இன்னும் பணம் கட்டலை?” கருவியின் விளக்கத்தில் ‘இன்வாய்ஸ்களைத் தரும்’ என்று மட்டும் இருந்தால், ஏஜென்ட் மூன்று நிலைகளையும் ஒரே பட்டியலில் போட்டுவிடும். கெடு தாண்டாத வாடிக்கையாளருக்கும் நினைவூட்டல் போகும். நாணயமாகக் கட்டிவருபவரைக் கடன்காரராக்கும் கடிதம் அது.

ஏஜென்ட்டுகளைக் கருவிகளோடு இணைக்க ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி முறையில், ஒவ்வொரு கருவிக்கும் பெயர், விளக்கம், கொடுக்க வேண்டிய தகவல்களின் பட்டியல் ஆகியவை உண்டு. ஏஜென்ட்டை இயக்கும் மாடலின் கண்ணில் படுவது இவைதான். பின்னால் ஓடும் நிரலை அது பார்ப்பதில்லை. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவரிடம் கணக்காளர் முதல் நாளில் வாயால் சொல்லும் எல்லாமே அந்த விளக்கத்தில் எழுத்தாக இருக்க வேண்டும்.

அம்பத்தூர்க் குழு இப்போது பயன்படுத்தும் விளக்கம் இப்படிப் போகிறது: “ஒரு வாடிக்கையாளரின் இன்வாய்ஸ்களை நிலையோடு தரும். கெடு தாண்டிய பாக்கி வேண்டுமென்றால் பேமெண்ட் டியூ, நாட் பெய்ட் இரண்டையும் கேட்கவும். போஸ்டட்டைச் சேர்க்க வேண்டாம். தொகை பைசாவில் வரும்: 49900 என்றால் 499 ரூபாய். ஒரு முறைக்கு 10 பதிவுகள் மட்டுமே வரும். அடுத்த பக்கத்துக்கான குறி இருந்தால் மீதியையும் வாங்காமல் கூட்டுத்தொகை சொல்லக் கூடாது. பணம் திருப்பித் தந்த விவரம் இதில் கிடைக்காது. அதற்குக் கிரெடிட் நோட் கருவி இருக்கிறது.”

இதில் மிக அவசியமான வரி பக்கத்தைப் பற்றியது. தொகை நூறு மடங்கு கூடினால் பார்ப்பவருக்கு உடனே உறுத்தும். முதல் பத்து பில்லை மட்டும் கூட்டி வந்த தொகை யாருக்கும் உறுத்தாது.

நேரமும் அப்படித்தான். சர்வர் தருவது யூடிசி. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். ஜூன் 30 இரவு ஏழு மணி என்று அங்கே பதிவாகும் பில், அம்பத்தூரில் ஜூலை 1 நள்ளிரவு 12.30-க்குப் போட்டது. ஜிஎஸ்டி கணக்கில் மாதமே மாறிவிடும். எனவே தேதியைக் கருவியே இந்திய நேரத்துக்கு மாற்றித் தருவது நல்லது. மாற்றியிருப்பதை விளக்கத்திலும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு பில்லிங் மென்பொருளுக்கு எழுதிய விளக்கத்தை இன்னொன்றுக்கு அப்படியே ஒட்டக் கூடாது. சந்தாவை ரத்து செய்துவிட்டு, கட்டிய காலம் முடியும்வரை சேவையைப் பயன்படுத்துபவரை சார்ஜ்பீ ‘நான் ரின்யூயிங்’ என்று தனியாகக் காட்டும். இன்னொரு பில்லிங் மென்பொருளான ஸ்ட்ரைப்பில் அவர் ‘ஆக்டிவ்’தான்; காலம் முடிந்ததும் ரத்தாகும் என்ற குறிப்பு வேறொரு புலத்தில் இருக்கும். ‘இவர் இன்னும் நம் வாடிக்கையாளரா?’, ‘அடுத்த மாதம் இவரிடமிருந்து பணம் வருமா?’ என்ற கேள்விகளுக்கு இந்த நபரைப் பொறுத்தவரை பதில் வேறு வேறு. எந்தக் கேள்விக்கு எந்தப் புலத்தைப் பார்க்க வேண்டும் என்பதை விளக்கமே சொல்லியாக வேண்டும்.

இந்திய விதிகளும் இதில் இடம்பெற வேண்டும். கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மென்பொருள் சந்தா போன்றவற்றில் தொகை 15,000 ரூபாயைத் தாண்டினால் ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு இல்லாமல் பணம் எடுக்க முடியாது. 2022 ஜூனில்தான் இந்த வரம்பு 5,000-லிருந்து உயர்ந்தது. ஓடிபிக்காக நிற்கும் பில்லை ‘கார்டில் பணம் இல்லை’ என்று ஏஜென்ட் சொன்னால் அது பொய்த் தகவல்.

சரிபார்க்கும் ஏஜென்ட்டிடம் ரத்து செய்யும் கருவியைக் கொடுக்கவே வேண்டாம். ‘படிக்க மட்டும்’ என்று விளக்கத்தில் எழுதுவது பூட்டு ஆகாது. சார்ஜ்பீ, ஸ்ட்ரைப் இரண்டிலுமே படிக்க மட்டும் அனுமதிக்கும் ஏபிஐ சாவியை உருவாக்க முடியும். அதைத்தான் கொடுக்க வேண்டும்.

கருவி எழுதும் பொறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளக்கத்தை முடிக்கும் முன் உங்கள் அலுவலகத்தில் வசூல் பார்ப்பவரிடம் அதைப் படிக்கக் கொடுங்கள். அவர் எந்த வரியில் நிறுத்தி “இது எந்த பாக்கி?” என்று கேட்கிறாரோ, அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.