தன்மதிப்பும் வீட்டுப் பேச்சும்



குடும்பத் தகராறுகளைப் பேசித் தீர்க்க உட்காரும்போது ஒன்றைக் கவனிக்கலாம். பேச்சு பணத்தில் தொடங்கும். இல்லையென்றால் நகையில், மாமியார் வீட்டில், பிள்ளையின் மார்க்கில். அரை மணி நேரத்தில் இரு தரப்பும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்: "என்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை." நகைக்கும் பணத்துக்கும் ஜமாஅத்தில் தீர்ப்புச் சொல்லிவிடலாம். இதற்குத் தீர்ப்பு எழுத முடியாது. இந்த மாதப் பாடம் இதைப் பற்றியது.

நான் யார், எதற்கு லாயக்கு என்று ஒவ்வொருவரும் மனத்துக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கில் நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் மார்க்தான் தன்மதிப்பு. இதைப் பெருமை என்று நினைத்துவிடக் கூடாது. பெருமை பிடித்தவனுக்குத் தன்னை உயர்த்திக்கொள்ள இன்னொருவனைத் தாழ்த்த வேண்டியிருக்கிறது. தன்மதிப்பு உள்ளவனுக்கு அந்தத் தேவை இல்லை. அமெரிக்க சமூகவியலாளர் சார்லஸ் ஹார்ட்டன் கூலி 1902இல் வெளியிட்ட நூலில் இதற்குக் கண்ணாடியை உவமையாகச் சொன்னார். மற்றவர் நம்மை எப்படிப் பார்க்கிறார் என்று நாம் எண்ணிக்கொள்கிறோமோ, அதைக் கொண்டே நம்மை நாம் எடை போடுகிறோம் என்பது அவர் கருத்து. மற்றவர் உண்மையில் நினைப்பது வேறாக இருக்கலாம். பாதிச் சண்டைகள் அந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

ஸஹீஹ் புகாரியில் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி இதை நன்றாகக் காட்டுகிறது. ஸாபித் பின் கைஸ் (ரலி) அன்ஸாரிகளின் பேச்சாளர். உரத்த குரல் உடையவர். நபி (ஸல்) அவர்களின் குரலுக்கு மேல் குரலை உயர்த்த வேண்டாம் என்னும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 2ஆம் வசனம் இறங்கியது. அது எல்லோருக்குமான கட்டளை. ஸாபித் மட்டும் அது தன்னைத்தான் சொல்கிறது, தன் அமல்கள் அழிந்துவிட்டன, தான் நரகவாசி என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டில் தலை குனிந்து உட்கார்ந்துவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை, சபைக்கும் வரவில்லை.

அவர் வராததை நபி (ஸல்) அவர்கள் கவனித்தார்கள், விசாரித்தார்கள். ஒருவர் அவர் வீட்டுக்குப் போய் அவர் சொன்னதைக் கேட்டு வந்து தெரிவித்தார். நீர் நரகவாசி அல்ல, சொர்க்கவாசி என்ற செய்தியோடு நபியவர்கள் அவரை மறுபடியும் அனுப்பிவைத்தார்கள். எந்தக் குரலை நினைத்து அவர் பயந்தாரோ, அந்தக் குரலின் பயன் சீறா நூல்களில் பதிவாகியிருக்கிறது. பனூ தமீம் குழுவினர் மதீனா வந்து தங்கள் பேச்சாளரைப் பேச வைத்தபோது, பதில் சொல்ல நபியவர்கள் எழுப்பியது இந்த ஸாபித்தைத்தான்.

நம் வீடுகளில் இது எப்படி நடக்கிறது? பரங்கிப்பேட்டை, லால்பேட்டை பக்கம் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு குறைவு. சவூதியில் இஷா முடித்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டு அவர் போன் செய்யும்போது இங்கே இரவு 11 தாண்டியிருக்கும். அங்கே நேரம் இரண்டரை மணி பின்னால். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுக் களைத்திருக்கும் மனைவி, "பணம் எப்ப போடுறீங்க? ஸ்கூல் பீஸ் கட்டணும்" என்று முதலில் கேட்டுவிடுகிறார். அவர் கேட்டது பீஸைப் பற்றி மட்டும். ஆனால் 'நான் இவர்களுக்கு ஒரு பணப்பெட்டிதான்' என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருப்பவர் காதில் அது வேறு மாதிரி விழுகிறது. "அதுக்குத்தானே நான்" என்று சுருக்கமாகச் சொல்லி வைத்துவிடுகிறார். 'தன்னிடம் இரண்டு வார்த்தை பேசக்கூட இவருக்கு மனமில்லை' என்று அந்தப் பெண் நினைக்கிறார். இருவருமே ஸாபித்தைப் போலத் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். விசாரித்து வரத்தான் நடுவில் ஆள் இல்லை. "நீங்க சொன்னது எனக்கு இப்படிப் பட்டது, அப்படித்தானா?" என்ற ஒரு கேள்வி அந்த ஆளின் வேலையைச் செய்யும். மறுநாளே கேட்க வேண்டும். மாதக்கணக்கில் சேர்த்து வைத்தால் அது கேள்வியாக இருக்காது, குற்றப்பத்திரிகையாகிவிடும்.

சபுர் முடிந்து ஊர் திரும்பியவர்களின் நிலை இதைவிடக் கடினம். இருபது வருடம் அனுப்பிய கை ஒரு நாளில் கேட்கும் கையாகிறது. வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லாவிட்டாலும் அவருக்கு எல்லாம் குத்தலாகவே கேட்கும். சிலர் பேசுவதையே குறைத்துக்கொள்வார்கள். சிலர் எதற்கெடுத்தாலும் கத்துவார்கள். கத்துபவருக்குத் திமிர் என்று ஊர் சொல்லும். என் பார்வையில் பெரும்பாலும் அது பயம்.

ஷமாயில் திர்மிதியில் ஸாஹிர் (ரலி) என்னும் கிராமத்துத் தோழரைப் பற்றி வருகிறது. பார்க்க அழகில்லாதவர். சந்தையில் சரக்கு விற்றுக்கொண்டிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் பின்னால் வந்து அவரை அணைத்துக்கொண்டு, இந்த அடிமையை யார் வாங்குவார் என்று விளையாட்டாகக் கேட்டார்கள். தன்னை விற்றால் விலை போகாது என்றார் ஸாஹிர். அல்லாஹ்விடம் நீர் விலை போகாதவர் அல்ல என்று நபியவர்கள் அந்த இடத்திலேயே திருத்தினார்கள். அவர் தன்னைத் தாழ்த்திச் சொன்ன சொல் சிரிப்போடு சிரிப்பாகப் போய்விட அவர்கள் விடவில்லை. ஊர் திரும்பிய வாப்பா, "இனிமே நான் எதுக்கு" என்று சொல்லும்போது பிள்ளைகள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. மகளுக்கு மாப்பிள்ளை விசாரிப்பதோ வீட்டு வேலைக்குக் கொத்தனார் பிடிப்பதோ, "நீங்க என்ன சொல்றீங்க வாப்பா?" என்று கேட்டுவிட்டுச் செய்யலாம்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் அவசரமானது. பெரியவர்களுக்காவது பழைய கணக்கு ஒன்று கைவசம் இருக்கிறது; பிள்ளைகள் இப்போதுதான் எழுதத் தொடங்குகிறார்கள், அதுவும் நாம் சொல்லச் சொல்ல. மண்டு, கறுப்பி, குண்டன் என்று செல்லமாகத்தான் அழைக்கிறோம் என்பார்கள். பட்டப்பெயர் சூட்டி அழைப்பதை அல்ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் தடுக்கிறது. செல்லத்துக்கு என்று அங்கே விலக்கு எதுவும் சொல்லப்படவில்லை.

அப்துல் கலாம் அவர்கள் 'அக்னிச் சிறகுகள்' நூலில் தம் ஐந்தாம் வகுப்பு நிகழ்ச்சி ஒன்றை எழுதியிருக்கிறார். ராமேஸ்வரம் தொடக்கப் பள்ளியில் அவரும் கோயில் குருக்கள் மகன் ராமநாத சாஸ்திரியும் முன் வரிசையில் சேர்ந்து உட்காருவார்கள். தொப்பி அணிந்த பையன் குருக்கள் மகன் பக்கத்தில் இருப்பதைப் பொறுக்காத புதிய ஆசிரியர், கலாமைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். இருவரும் வீட்டில் சொன்னார்கள். ராமநாதனின் தந்தை லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரை அழைத்து, அந்தப் பிள்ளைகள் எதிரிலேயே கண்டித்தார். ஆசிரியர் வருந்தினார், பின்னால் மாறியும் போனார். அந்தப் பையன் தன்னைப் பற்றி அன்று எழுதத் தொடங்கியிருக்கக்கூடிய ஒரு வரி அங்கேயே அடிக்கப்பட்டது. தான் பின்னால் போனபோது நண்பன் அழுத முகம்தான் மனத்தில் ஆழமாகப் பதிந்தது என்று கலாம் எழுதுகிறார்.

மக்தபில் ஓதிக் கொடுக்கும் உஸ்தாத்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓத வராத பிள்ளையைக் கடைசியில் உட்கார வைக்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். மக்ரஜ் சரியாகக் கேட்கவும் அதுதான் வசதி.