பரிசும் பேழையும்

அன்பின் அடையாளமாக ஒருவருக்கு ஒரு பொருளைக் கொடுப்பது மக்களிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கம். எதைக் கொடுப்பது என்று எண்ணுவோர் பலர்; எதில் வைத்துக் கொடுப்பது என்று எண்ணுவோர் சிலரே. வெற்றிலை பாக்கைத் தட்டில் வைத்து நீட்டுவதற்கும் வெறுங்கையால் நீட்டுவதற்கும் வேறுபாடு உண்டன்றோ? பரிசை ஏந்தும் பேழை வெறும் மூடியன்று. கொடுப்போரின் உள்ளத்தைப் பெறுவோர்க்கு முதலில் உணர்த்துவது அதுவே.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். புலவர்க்கு அரசர் அளித்த பரிசினைப் 'பொற்கிழி' என்றனர். கிழி என்பது துணி. பொன்னைத் துணியில் முடிந்து வழங்கியமையால், ஏந்திய துணியின் பெயரே பரிசுக்கும் பெயராயிற்று. 'பணமுடிப்பு' என்னும் சொல்லும் அவ்வாறு பிறந்ததே. பிற நாட்டாரிடமும் இவ்வழக்கம் உண்டு. சீனர் புத்தாண்டு நாளில் சிவப்பு உறையில் பணம் இட்டுச் சிறுவர்க்குத் தருவர். சப்பானியர் மணமக்களுக்குத் தரும் பண உறையின்மேல் எளிதில் அவிழாத முடிச்சினை இடுவர். மணம் ஒருமுறையே நிகழ்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. நம் நாட்டு மொய்யுறையிலோ ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியிருக்கும். உள்ளே வைக்கும் நூறு அதனோடு சேர்ந்து நூற்றொன்றாகும்.

இக்காலத்தில் பணத்துக்கு மாற்றாகப் பரிசு அட்டை வழங்கும் பழக்கம் பரவியுள்ளது. இதற்கு முன்னோடி எனத் தக்கது, 1932-ஆம் ஆண்டில் ஹரால்டு ரேமண்ட் என்னும் பதிப்பாளரின் முயற்சியால் பிரிட்டனில் தோன்றிய புத்தகப் பரிசுச் சீட்டு. அதனைப் பெற்றவர் புத்தகக் கடையில் கொடுத்துத் தாம் விரும்பிய நூலை வாங்கிக்கொள்ளலாம். இன்றைய பரிசு அட்டை பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனது; ஏறத்தாழ 8.6 செ.மீ. நீளமும் 5.4 செ.மீ. அகலமும் உடையது, கனமோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஐந்நூறு ரூபாய் பெறும் அட்டையும் ஐயாயிரம் ரூபாய் பெறும் அட்டையும் தோற்றத்தில் ஒன்றே. அதில் கொடுத்தவரின் கைப்பட்ட அடையாளம் ஏதும் இல்லை. ஆகவே, அதற்கு நல்லதொரு பேழை மிகவும் வேண்டப்படுகிறது.

தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரத்தை அடுத்து ஏரியூர் என்னும் ஊர் உள்ளது. 1934-ஆம் ஆண்டில் நிறைவுற்ற மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் இவ்வூருக்கு அண்மையிலுள்ள நாகமரைப் பக்கம் விரிந்து கிடக்கிறது. ஆயினும், சுற்றியுள்ள நிலங்கள் பெரும்பாலும் வானம் பார்த்தவை. அதனால் இப்பகுதியினர் பலர் பெங்களூர் முதலிய நகரங்களுக்கு வேலை தேடிச் செல்கின்றனர்.

இவ்வூரில் ஒரு வகுப்பு மாணவர் நாற்பதின்மர், ஓய்வு பெறும் தம் ஆசிரியருக்குப் புத்தகப் பரிசு அட்டை வாங்கித் தர முனைகின்றனர் எனக் கொள்வோம். கடை வைத்திருப்பவர் மகன் இருநூறு ரூபாய் தருகிறான். பெற்றோர் வெளியூர் சென்றிருக்க, பாட்டியுடன் வாழும் சிறுவனோ, அவள் சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பத்து ரூபாயைத் தருகிறான். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது வெளிப்பட்டால் அச்சிறுவனின் முகம் வாடும். பெயரே தெரியாமற்போனால் அவன் அன்பு ஆசிரியரைச் சென்று சேராது. தொகையை மறைத்துப் பெயரைக் காட்டும் பேழை ஒன்று வேண்டும். அஃது எவ்வடிவில் அமைதல் நலம்?

ஓலைச்சுவடி வடிவமே இதற்கு மிகப் பொருத்தமாகும். தகடூர் என்பது தருமபுரியின் பழம்பெயர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையாருக்கு ஈந்தான். அக்கனியை ஏந்தத் தட்டும் இல்லை, பேழையும் இல்லை. அவன் கையே போதுமானதாயிற்று. ஆனால், அக்கொடையின் புகழைக் காலங்காலமாக ஏந்தி வந்தது பனையோலை. ஏட்டுச்சுவடிகளில் இருந்த புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் ஆராய்ந்து 1894-ஆம் ஆண்டில் அச்சிட்டார். ஆதலின், தகடூர் நாட்டு மாணவர் தம் பரிசினை ஓலையில் வைத்து ஈவது சாலப் பொருந்தும்.

இனி, அதனைச் செய்யும் முறையைக் காண்போம். மிகவும் முற்றாத பனையோலைகளைத் தேர்ந்து ஈர்க்கினை நீக்குக. அவற்றை நிழலில் உலர்த்தி, மஞ்சள் சேர்த்த நீரில் வேகவைத்து, மீண்டும் உலர்த்தி, வழவழப்பான கல்லால் தேய்த்துச் சமன் செய்க. பின்னர் ஒவ்வொன்றையும் 18 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் உள்ளதாக நறுக்குக. நாற்பதின்மருக்கும் நாற்பது நறுக்குகள். எல்லாம் ஒரே அளவு.

ஒவ்வொரு மாணவனும் தன் பெயரையும் ஆசிரியரிடம் கற்ற நல்லதொன்றையும் தன் நறுக்கில் எழுத வேண்டும். எழுத்தாணி இல்லையெனில், முனை சற்றே மழுங்கிய ஊசியை மரப்பிடியில் செருகிக்கொள்ளலாம். அழுத்தி எழுதினால் ஓலை கிழியும். இது கருதியே பழைய சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடுவது அரிதாயிருந்தது. எழுதிய பின் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துணியால் துடைத்தால், எழுத்துகள் மட்டும் கறுத்துத் தோன்றும்.

இங்கு ஓர் இடர் எதிர்ப்படும். அட்டையின் அகலம் ஓலை நறுக்கின் அகலத்தினும் மிகுதி. ஆகவே, 18 செ.மீ. நீளமும் 6.5 செ.மீ. அகலமும் உள்ள தடித்த தாளில் இரண்டு நறுக்குகளை மேலும் கீழுமாக ஒட்டி ஓர் ஏடாக்குக. இவ்வாறு இருபது ஏடுகள் அமையும். பெயர்களைத் தொகையின்படி அடுக்காமல் அகர வரிசையில் அடுக்குக. இருபத்தோராம் ஏட்டின் நடுவில் தாளால் ஒரு பை ஒட்டுக. பையின் உள்ளகலம் 9 செ.மீ.; ஆழம் 4.9 செ.மீ. அப்பொழுது அட்டையின் மேல்விளிம்பு அரைச் சென்டிமீட்டர் வெளியே நிற்கும். முதியவரும் எளிதில் பற்றி எடுக்கலாம். அட்டையைப் பசையால் ஒட்டலாகாது, வளைக்கவும் கூடாது. மறைவெண் உள்ள பக்கம் உட்புறம் நோக்கியிருக்க வேண்டும். அட்டை எந்நாள்வரை செல்லும் என்பதைப் பையின்மேல் எழுதிவைப்பது நன்று.

ஏடுகளின் இரு ஓரங்களிலிருந்தும் 2.5 செ.மீ. உள்ளே தள்ளித் துளையிடுக. அட்டை நடுவில் இருத்தலால் அதற்கு ஊறு நேராது. ஏடுகளுக்கு மேலும் கீழும் மெல்லிய பலகைச் சட்டங்களை வைத்து, இடத்துளையில் கயிறு கோத்து, வலத்துளையில் மூங்கிற் குச்சியைச் செருகுக. எஞ்சிய கயிற்றால் சுவடியைச் சுற்றிக் கட்டினால் பேழை முற்றுப்பெறும்.

ஆசிரியர் கயிற்றை அவிழ்த்து ஏடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டுவார். நாற்பது பெயர்களையும் கடந்த பின்னரே அட்டை அவர் கண்ணில் படும். அட்டை நூலாக மாறிக் கடையிலேயே தங்கிவிடும். சுவடியோ அவர் இல்லத்தில் நிலைத்திருக்கும். அதில் இருநூறு ரூபாய் தந்தவன் பெயரும் பத்து ரூபாய் தந்தவன் பெயரும் ஒரே அகல ஓலையில் ஒன்றாய் இருக்கும். பரிசைப் பெறுபவரை மகிழ்வித்து, கொடுப்பவர் எவரையும் நாணச் செய்யாதிருப்பதே நல்ல பேழையின் இலக்கணமாகும்.

வினாக்கள்

1. 'பொற்கிழி' என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
2. பரிசு அட்டைக்குப் பேழை வேண்டப்படுவது ஏன்?
3. பெயர்களை அகர வரிசையில் அடுக்குவதன் நோக்கம் யாது?
4. உங்கள் ஊரில் கிடைக்கும் பொருளைக் கொண்டு ஒரு பரிசுப் பேழை செய்யும் முறையைப் பத்து வரிகளில் எழுதுக.