ஜப்பானுக்குப் போகும் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

ஜப்பானில் மறைப்பணிக்கு உன்னை அனுப்ப சபை முடிவு செய்த செய்தி கேட்டு மனம் நிறைந்தது. அங்கே ஒரு நாள் எப்படிப் போகும், எதை முதலில் கற்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். அந்த மண்ணில் நெடுங்காலம் பணி செய்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். எதற்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உனக்கு வெகுகாலம் முன்பே செபம் கேட்ட வீட்டுக்குள் நீ நுழையப் போகிறாய். விருந்தாளியாகப் போ.

நம் முத்துக்குளித்துறைக்கு 1542-இல் வந்த புனித சவேரியார்தான், 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் கரையிறங்கினார். இங்கே கடலோர ஊர்களில் கணக்கப்பிள்ளைகளை நியமித்து, செபம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தவர் அவர். ஜப்பானிலும் உள்ளூர்க்காரர்களே விசுவாசத்தைச் சுமந்தார்கள். யாமகுச்சியில் பிவா என்னும் நரம்பிசைக் கருவியை மீட்டிக் கதை சொல்லிப் பிழைத்து வந்த, கண்பார்வை மங்கிய ஒருவர் சவேரியாரிடம் திருமுழுக்குப் பெற்றார். லொரென்சோ என்று பெயர் பெற்ற அவர், பின்னாளில் இயேசு சபைச் சகோதரராகி, பிரபுக்களையும் பாமரரையும் பேச்சால் ஈர்த்தார்.

1614-இல் நாடு முழுவதும் தடை வந்தது. குருக்கள் விரட்டப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு குருவும் இல்லாமல், நாகசாகிப் பகுதி விவசாயிகளும் மீனவர்களும் விசுவாசத்தைக் காத்தார்கள். ஒருவர் திருநாள்களைக் கணக்கிட்டுச் சொல்வார்; இன்னொருவர் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுப்பார்; செபங்கள் வாய்வழியாகப் பிள்ளைகளுக்கு இறங்கின. 1865 மார்ச் 17 அன்று, நாகசாகியில் புதிதாகக் கட்டிய ஓவுரா ஆலயத்துக்கு உரகாமி கிராமத்தார் சிலர் வந்தார்கள். அவர்களில் ஒரு பெண், பெத்தீஜான் என்ற பிரெஞ்சுக் குருவிடம், எங்கள் நெஞ்சமும் உங்கள் நெஞ்சமும் ஒன்றே என்று மெல்லச் சொல்லி, மாதா சுரூபம் எங்கே என்று கேட்டார். தடை நீங்கியது அதற்கும் பிறகு, 1873-இல்தான். நம் ஊர் உபதேசியார்களைப் பார்த்து வளர்ந்த உனக்கு, இந்த வரலாற்றின் அருமை எளிதில் புரியும். குருவுக்குரிய மரியாதையை எதிர்பார்க்கத் தோன்றும்போதெல்லாம் அந்த விவசாயிகளை நினைத்துக்கொள்.

இனி உன் நாள்களுக்கு வருகிறேன். தொடக்க ஆண்டுகள் பெரும்பாலும் மொழிப் பள்ளியில்தான் கழியும். ஹிரகானா 46 எழுத்து, கதகானா 46 எழுத்து. அவற்றுக்குமேல் கான்ஜி எனப்படும் சீன எழுத்துகள், அரசின் அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2136. இறையியல் படித்து முடித்த இளைஞனுக்கு, கடையில் ஒரு பொருளைக் கேட்கத் திணறுவது வலிக்கும். அந்த வலி உனக்கு நல்லது, கேட்கப் பழக்கும். மறையுரையை முன்கூட்டியே எழுதி, பங்கில் மூத்த ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்கு. திருத்தித் தருகிறவரும் அந்த மறையுரையில் பங்கு கொள்கிறார். அன்று உன் பேச்சை ஆலயமே கூர்ந்து கேட்கும்.

தெருவில் உன்னை முதலில் அளப்பது குப்பைதான். எரியும் குப்பை, பிளாஸ்டிக், பாட்டில், காகிதம் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய நாளில் காலையில் வைக்க வேண்டும். காகம் கிளறாதபடி வலையை இழுத்து மூட வேண்டும். குடியேறிய உடனே, சிறு அன்பளிப்போடு அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய் வணங்கி அறிமுகம் செய்துகொள். தெருச் சங்கத்தின் சுற்றறிக்கைப் பலகை உன் வாசலுக்கு வந்தால், பார்த்துவிட்டுத் தாமதிக்காமல் அடுத்த வீட்டில் சேர்த்துவிடு. இவற்றை நற்செய்திப் பணிக்கு வெளியே உள்ள வேலை என்று நினைக்காதே. கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே உள்ள நாட்டில், உன் தெருவார் பார்க்கும் முதல் கிறிஸ்தவன் நீயாகவே இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் முன்வரிசைகளில் நரைத்த தலைகளைப் பார்ப்பாய். பூ வைப்பது, கூட்டுவது, தேநீர் தயாரிப்பது என எல்லாவற்றுக்கும் முறை வைத்திருப்பார்கள். உன் பெயரையும் அதில் எழுதச் சொல். பின்வரிசைகளில் வியட்நாம், பிலிப்பைன்ஸ் நாட்டு இளைஞர்கள் இருப்பார்கள். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேராக வந்தவர்களும் உண்டு. அவர்களோடு மருத்துவமனைக்கும் நகராட்சி அலுவலகத்துக்கும் போவது உன் வாரத்தின் பெரும்பகுதியை எடுக்கும், எடுக்கட்டும். 1995 நிலநடுக்கத்தில் கோபே நகரின் தகதோரி ஆலயம் எரிந்தது. கட்டடக் கலைஞர் ஷிகெரு பான், தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு காகிதக் குழாய்களால் அங்கே ஒரு கூடம் எழுப்பினார். வியட்நாமியரும் ஜப்பானியரும் அந்த வளாகத்தில் ஒன்றுகூடினார்கள். பல மொழிகளில் ஒலிபரப்பும் சமூக வானொலியும் அங்கே வளர்ந்தது. ஒரு பங்கு எப்படி இருக்கலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று அது.

திருமுழுக்கு எண்ணிக்கையை வைத்து உன்னை அளக்காதே. ஒருவர் ஆண்டுக்கணக்காகத் திருப்பலிக்கு வருவார், எதுவும் கேட்க மாட்டார். அவர் வீட்டில் முன்னோருக்கான புத்த பீடம் இருக்கும். நான் கிறிஸ்தவனானால் தாத்தாவின் கல்லறையை யார் பார்ப்பார்கள் என்ற கவலை உள்ளே இருக்கும். அதைச் சிறிய கவலையாக எண்ணிவிடாதே. இதற்கென்றே ஜப்பானிய ஆயர்கள் வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறார்கள். போனதும் வாங்கிப் படி. ஆகஸ்ட் நடுவில் ஊரெல்லாம் ஓபோன் நாள்களில் முன்னோரை நினைக்கும். மாதாவின் விண்ணேற்புத் திருநாளும், போர் முடிந்த நினைவும் 15-ஆம் தேதியில் சேர்ந்து வரும். அன்று இறந்தோருக்காக அவர்களோடு மனமுருகிச் செபி. அவர்கள் பேசாமல் வைத்திருக்கும் பலவும் அப்போது உனக்கு விளங்கும்.

தனிமை வரும், குறிப்பாகக் குளிர்கால மாலைகளில். கைபேசியில் ஊர்க் கதை பேசி அதை விரட்டப் பார்க்காதே. அம்மாவுக்கு வாரம் ஒருமுறை பேசு. மற்ற மாலைகளில் நற்கருணை முன் அரைமணி நேரம் உட்கார், பிறகு வெளியே நட. நோயாளிகள் வீட்டுக்குப் போ. பேச மொழி போதாவிட்டாலும் பக்கத்தில் உட்காரலாம். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த 1945 ஆகஸ்டில், நகருக்கு வெளியே நகத்சுகாவில் நவதுறவியர் பயிற்சியாளராக இருந்தவர் தந்தை பெத்ரோ அருப்பே. மருத்துவம் படித்திருந்த அவர், இல்லத்தையே மருத்துவமனையாக்கிக் காயங்களைக் கழுவினார். அன்று அந்த மக்களுக்குத் தேவைப்பட்டது அதுதான், அவர் செய்ததும் அதைத்தான். நீ போகும் ஊருக்கு என்ன தேவை என்பதை அந்த ஊரிடமே கேள்.

விமானம் ஏற இன்னும் நாள் இருக்கிறது. இன்றிரவே ஹிரகானாவில் முதல் ஐந்து எழுத்துகளை எழுதத் தொடங்கு. 46-ஐயும் பார்க்காமல் எழுதி எனக்கு அனுப்பு. அடுத்த கடிதத்தில் ஜப்பானிய மொழியில் விண்ணகத் தந்தையே செபத்தை எழுதி அனுப்புகிறேன்.

கிறிஸ்துவில் அன்புடன்,
உன் அண்ணன்