கழுத்து வலியோடு தலை சுற்றுகிறதா? காரணம் கழுத்து மட்டுமல்ல!

காலையில் எழுந்ததும் பின்கழுத்தில் ஒரு பிடிப்பு. லேசாகத் திரும்பினால் தலை கிறுகிறுவென்று சுத்துது. "கழுத்து எலும்பு தேய்ஞ்சிருக்கும்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். நாமும் மெடிக்கலில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது. 40 வயதைத் தாண்டிய பலருக்கு எக்ஸ்ரே எடுத்தால் எலும்புத் தேய்மானம் தெரியும். அதை வைத்து மட்டும் தலைசுற்றலுக்கும் அதுதான் காரணம் என்று முடிவு செய்ய முடியாது.

என்னென்ன காரணங்கள் இருக்கலாம்?

கழுத்துத் தசை இறுக்கம்: நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. செல்போனைப் பார்க்கக் குனியக் குனிய, கழுத்து தாங்கும் சுமை பல மடங்கு கூடுகிறது. தசைகள் இறுகி வலிக்கும்; சிலருக்கு நிலை தடுமாறுவது போலவும் இருக்கும். போனைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடியுங்கள்.

உள்காதுக் கோளாறு: படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ அறையே சுற்றுவது போல இருந்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறதா? உள்காதில் இருக்கும் நுண்ணிய படிகங்கள் இடம் மாறியிருக்கலாம். தலைசுற்றலுக்குப் பயந்து கழுத்தை அசைக்காமல் விறைப்பாக வைத்திருப்பதாலேயே வலி வருவதும் உண்டு. தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பி மருத்துவரே இதைச் சரிசெய்வார். நீங்களாக முயல வேண்டாம்.

பிரஷர், சுகர், ரத்தசோகை: எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகிறது என்றால் இவற்றைப் பரிசோதியுங்கள். புதிதாகத் தொடங்கிய மாத்திரை இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டியது எப்போது?

திடீரென்று இதுவரை இல்லாத கடுமையான கழுத்து வலி வந்து, அதோடு தலைசுற்றல், பேச்சுக் குளறல், பார்வை இரண்டாகத் தெரிதல், முகம் கோணுதல், கை கால் மரத்துப் போதல், நடை தள்ளாடுதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். அது பக்கவாதத்தில் முடியக்கூடும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள்.

நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் சேர்ந்தால் மாரடைப்பாக இருக்கலாம். காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். இவற்றுக்கும் 108 தான்.

செய்யக் கூடாதவை

முடிவெட்டும் கடையில் கழுத்தைத் திருப்பி நெட்டி முறிக்கச் சொல்லாதீர்கள். அந்த ஒரு சொடுக்கிலும் ரத்தக் குழாய் கிழியலாம். தலை சுற்றும்போது வண்டி ஓட்டாதீர்கள்.

உங்கள் போனே உதவும்

எப்போது சுற்றியது, எவ்வளவு நேரம், என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று போனில் எழுதி வையுங்கள். சுற்றும்போது வீட்டிலிருப்பவர் உங்கள் கண்களை வீடியோ எடுத்துவைத்தால், மருத்துவருக்கு அது நல்ல தடயம்.

அவசரம் இல்லாதபோது ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம். அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சுகர் பரிசோதனை இலவசம். மாத்திரையை நீங்களே முடிவு செய்யாமல், முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.