150 கிராம் குறைந்தால் எத்தனை விநாடி மிச்சம்?

சைக்கிளில் பெடலையும் நடு அச்சையும் சேர்க்கிற கை ஒன்று இருக்கு இல்லையா, அதுதான் கிராங்க். செயின், கியர் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் நீங்க காலால் கொடுக்கிற விசை முழுவதும் முதலில் போய்ச் சேர்கிற உலோகம் இதுதான். ரேஸ் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இதை எடை குறைத்து மாட்டிப் பார்ப்பதில் தனி ஆசை. புதுசா ஒரு லேசான கிராங்க் வந்தால் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து மலை ஏறி "டெஸ்ட்" பண்ணிவிட்டு, "சும்மா பறக்குது மச்சி" என்பார்கள். அது உண்மையா என்று நம்ம முதலாம் ஆண்டு மெக்கானிக்ஸை வைத்தே பார்த்துவிடலாம், வாங்க.

முதலில் விசை. 75 கிலோ ஆள் எழுந்து நின்று ஓங்கி மிதித்தால், கைப்பிடியை இழுக்கிற இழுப்பும் சேர்ந்து, பெடலில் 1500 நியூட்டன் வரை வரலாம். கிராங்கின் நீளம் 170 மில்லிமீட்டர் என்றால் அச்சுப் பக்கம் 255 நியூட்டன் மீட்டர் வளைவு. பெடல் பக்கம் போகப் போக இது குறைந்துகொண்டே வரும். அதனால்தான் கிராங்க் அடியில் தடியாகவும் நுனியில் மெலிந்தும் இருக்கிறது. இதுவரைக்கும் எல்லாரும் சொல்லிவிடுவீங்க. பலர் மறப்பது முறுக்கு. உங்க பாதம் கிராங்க் மேலேயே இல்லை, ஐந்தாறு சென்டிமீட்டர் வெளியே தள்ளி இருக்கு. அதே 1500 நியூட்டன் அந்த 6 சென்டிமீட்டரில் 90 நியூட்டன் மீட்டர் முறுக்காக மாறி, கிராங்கின் நுனியிலிருந்து அடிவரை குறையாமல் ஓடுகிறது.

எடை குறைக்க இரண்டு வழி பார்த்திருப்பீங்க. ஒன்று, பின்பக்கத்தில் வாய்க்கால் மாதிரி தோண்டி எடுப்பது. இன்னொன்று, உள்ளே குழாய் மாதிரி வெற்றிடமாக விடுவது. முதலாவது செய்ய சுலபம், பார்க்கவும் அழகு. ஆனால் மூடிய குழாயை நீளவாக்கில் திறந்துவிட்டால் முறுக்கைத் தாங்கும் திறன் படுத்துவிடும். வீட்டில் இருக்கிற அட்டைக் குழாயை முறுக்கிப் பாருங்க, அப்புறம் நீளமா ஒரு வெட்டு போட்டு மறுபடி முறுக்கிப் பாருங்க. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பில் ஒரு மணி நேரம் சொன்னது ஒரு நிமிஷத்தில் புரியும். குழாயின் கணக்கோ வேற மாதிரி. வட்டத் தண்டில் பாதி விட்டத்துக்குத் துளை போட்டால் எடை 25 சதவீதம் குறையும், வளைவுக்கான விறைப்பு 6.25 சதவீதம்தான் குறையும். எடை விட்டத்தின் இருமடியோடும், விறைப்பு நான்மடியோடும் போவதால் வரும் லாபம் இது. 1990களின் பிற்பாதியிலிருந்து உள்ளீடற்ற கிராங்க் ரேஸ் சைக்கிள்களில் பரவியதற்குக் காரணம் இதுதான்.

சரி, இவ்வளவு லாபம் என்றால் எங்கே மாட்டிக்கொள்கிறது? ஒட்டுகிற இடத்தில். உள்ளே வெற்றிடம் வேண்டுமானால் பல வடிவமைப்புகளில் இரண்டு துண்டுகளைச் செய்து ஒட்ட வேண்டியிருக்கு. கார்பன் ஃபைபர் கிராங்கிலும் பெடல் திருகுகிற உலோகத் துண்டு உள்ளே ஒட்டித்தான் உட்காருது. 2023 செப்டம்பரில் ஷிமானோ நிறுவனம் 2019 ஜூலைக்கு முன் தயாரான 11 வேக, ஒட்டு முறை கிராங்குகளைப் பரிசோதனைக்காகத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6,80,000. ஒட்டு விட்டுப் பிரிந்ததாக 4,519 சம்பவங்கள், 6 பேருக்குக் காயம் என்பது அப்போது வெளியிட்ட கணக்கு. உலகத்திலேயே பேர் போன கம்பெனிக்கே இது நடக்கும் என்றால், ஆன்லைனில் பாதி விலைக்கு வருகிற பேர் தெரியாத கிராங்கை யோசித்துக்கொள்ளுங்க.

இதில் வில்லன் ஒரே அடியில் உடைப்பவன் இல்லை, களைப்பு. நிமிஷத்துக்கு 90 சுற்று என்றால் மணிக்கு 5,400 முறை கிராங்க் வளைந்து நிமிர்கிறது. 100 மணி நேரத்தில் ஐந்தரை லட்சத்தை நெருங்கிவிடும். எஃகுக்கு ஒரு எல்லைக்குக் கீழே எத்தனை தடவை வளைத்தாலும் பரவாயில்லை என்று ஒரு வரம்பு சொல்லலாம். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான வரம்பு கிடையாது. ஒரு கீறல், பெடல் துளையின் ஓரம், கூர்மையான மூலை, இவ்வளவு போதும் விரிசல் ஆரம்பிக்க. அதனால்தான் ஐஎஸ்ஓ 4210 தரநிலையில் ரேஸ் சைக்கிள் கிராங்கை 45 டிகிரி சாய்வில் பிடித்து, 1800 நியூட்டன் விசையைப் பல்லாயிரம் முறை மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். உங்க நண்பர்கள் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறி இறங்குவது இதற்குப் பக்கத்தில்கூட வராது.

இப்போ அந்த "பறக்குது மச்சி" கணக்கு. மலைக்கு பிரான்சின் பிரெனே மலைத்தொடரில் போர்டே தாஸ்பே கணவாயை எடுத்துக்கிறேன். மேற்குப் பக்கமாக ஏறினால் சுமார் 4.4 கிலோமீட்டர், ஏற்றம் 430 மீட்டருக்குப் பக்கம். ஆளும் வண்டியும் சேர்த்து 78 கிலோ, திறன் 250 வாட். காற்று, டயர் உராய்வு எல்லாம் சேர்த்துப் போட்டால் வேகம் மணிக்கு 11.4 கிலோமீட்டர், நேரம் சுமார் 23 நிமிஷம். புது கிராங்க் 150 கிராம் குறைவு என்று வைத்துக்கொண்டால் மிச்சமாவது இரண்டரை விநாடி. பாட்டிலில் 150 மில்லி தண்ணீர் குறைத்தாலும் அதே இரண்டரை விநாடிதான், செலவு பூஜ்யம்.

"சுழல்கிற எடை ஆச்சே, அதுக்கு ரெட்டிப்பு பலன் உண்டு" என்று ஒருத்தர் கட்டாயம் வருவார். கிராங்க் நுனி 90 சுற்றில் விநாடிக்கு 1.6 மீட்டர்தான் போகிறது. அந்த 150 கிராமும் நுனியிலேயே இருந்தால்கூட அதன் சுழற்சி ஆற்றல் 0.2 ஜூல். விநாடிக்கு 10 மீட்டரில் போகிற உங்க மொத்த ஆற்றல் 3,900 ஜூல். விட்டுவிடலாம்.

இன்னொன்று, அந்த இரண்டரை விநாடியை நீங்க அளக்கவே முடியாது. பவர் மீட்டர் ஒரு சதவீதம் தப்பினாலே 23 நிமிஷத்தில் 13 விநாடி ஆட்டம் காட்டும். அதனால் ஸ்டாப்வாட்சை மூட்டை கட்டுங்க. புது கிராங்கில் பார்க்க வேண்டியது பலம். மாட்டியதும் கிராங்கும் அச்சும் சேரும் இடத்தில் பெயின்ட் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போடுங்க. முதல் 50 கிலோமீட்டர் கழித்து அந்தக் கோடு விலகியிருக்கா பாருங்க. டார்க் ரெஞ்சால் போல்ட்டை மறுபடி சரிபாருங்க. துடைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் ஒட்டு ஓரத்தைப் பாருங்க. மிதிக்கும்போது 'டக்' சத்தம் வந்தால் இறங்கிவிடுங்க.

போர்டே தாஸ்பேயை நான் எடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்தப் பாதையில் டைம் பார்க்கிறவர்களும் ஒரு இடத்தில் வண்டியை நிறுத்துகிறார்கள். அங்கே ஃபாபியோ காசார்டெல்லிக்கு ஒரு பளிங்கு நினைவுச்சின்னம் இருக்கு. இத்தாலிக்காரர், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸ் சாலைப் பந்தயத்தில் தங்கம். 1995 ஜூலை 18 அன்று டூர் டி பிரான்ஸில் இதே மலையில் இறங்கும்போது பலர் சேர்ந்து விழுந்ததில் தலையில் அடிபட்டு இறந்தார். வயசு 24. தலையில் ஹெல்மெட் இல்லை.

அப்போது அது கட்டாயமும் இல்லை. 1991இல் கட்டாயமாக்கப் பார்த்தார்கள், பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் வீரர்களே எதிர்த்து நிறுத்திவிட்டார்கள். வெயில், கனம் என்று காரணங்கள். பிறகு 2003இல் அதே பந்தயத்தில் கஜகஸ்தானின் ஆந்த்ரே கிவிலெவ் தலையில் அடிபட்டு இறந்த பிறகுதான் விதி வந்தது. அப்போதும் முதலில், பந்தயம் முடிகிற கடைசி ஏற்றத்தில் கழற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை! மேலே போட்ட கணக்கிலேயே பாருங்க, 250 கிராம் ஹெல்மெட்டின் விலை அந்த மலையில் 4 விநாடி.

காசார்டெல்லி இறந்த மறுநாள் தார்ப்பிலிருந்து போ நகருக்கு மலைப்பாதைப் பந்தயம். யாரும் ஓட்டப் போட்டியே போடவில்லை. அத்தனை பேரும் மெதுவாகச் சேர்ந்தே வந்தார்கள். முடிவுக்கோடு நெருங்கியதும் மற்ற அணிகள் பின்தங்கி வழிவிட, அவருடைய மோட்டோரோலா அணித் தோழர்கள் வரிசையாக முதலில் கடந்தார்கள். அன்றைய பரிசுப் பணம் குடும்பத்துக்குப் போனது. உடைந்த அவர் சைக்கிள் இன்று இத்தாலியில் மதோன்னா தெல் கிசாலோ தேவாலயத்தில் இருக்கு.

78 கிலோவுக்குப் பதில் உங்க எடையையும், நம்ம பக்கத்து மலையின் நீளம், உயரத்தையும் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்க. ஹெல்மெட்டின் எடையையும் சேர்த்தே போடுங்க.