பெற்றது எட்டு, தங்கியது ஐந்து

நம் பாட்டிமாரிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் உடனே விடை வராது. விரல்களை மடக்கி எண்ணிவிட்டு, "பெற்றது எட்டு, தங்கியது ஐந்து" என்பார்கள். பென்னாகரத்துப் பக்கமும் அரூர்ப் பக்கமும் இப்படிச் சொல்லும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். இந்த ஒரு வரியில் மக்கள்தொகைப் பாடத்தின் பாதி அடங்கியிருப்பதை நாங்கள் பின்னரே உணர்ந்தோம்.

ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கையை மொத்தக் கருவள வீதம் என்பர். தமிழ்நாட்டில் 1971-இல் இது ஏறக்குறைய 3.9. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 1.8. செல்வம் பெருகியதால் குறைந்தது என்று சொல்லிவிடலாமா? நம் தருமபுரி மாவட்டம் மழையை நம்பிய மானாவாரி பூமி; 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே கடைசி. இங்கும் குடும்பங்கள் சுருங்கின. ஆகவே காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டும்.

முதலில் அந்தத் 'தங்கியது' என்ற சொல். 1971-இல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020-இல் அந்த எண் 13. இழப்புக்கு அஞ்சிய தாய் கூடுதலாகப் பெற்றாள். அச்சம் நீங்கியதும் நிறுத்திக்கொண்டாள்.

அடுத்தது பிள்ளைகளின் உழைப்பு. அந்நாளில் ஆறு வயதில் ஆடு மேய்ப்பு, எட்டு வயதில் கடலைக்காட்டில் களையெடுப்பு. பிள்ளை ஒரு வாய் மட்டுமன்று, இரண்டு கையும் கூட. நைஜீரியாவின் யொரூபா மக்களிடையேயும், பின்னர் கர்நாடகக் கிராமங்களிலும் ஆய்ந்த ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் கால்டுவெல், பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்குச் செல்வம் பாயும்வரை குடும்பம் பெரிதாகவே இருக்கும் என்றார். பள்ளிக்கூடம் வந்ததும் அந்தப் பாய்ச்சல் திசை மாறுகிறது. நோட்டு, சீருடை, பேருந்துச் செலவு என்று பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பணம் போகத் தொடங்குகிறது. (எங்கள் அப்பாக்கள் ஜூன் மாதத்தில் படும் பாட்டைப் பார்க்கும் எங்களுக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை!) 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம், ஆட்டின் பின்னால் போன பிள்ளைகள் பலரை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது.

பெண்கள் படித்தபோது திருமணமும் தள்ளிப்போனது. பெண்ணின் திருமண வயதை 18 ஆக்கிய சட்டம் 1978-இல் வந்தது. 1989-இல் மாநிலத்திலேயே முதலாவதாக நம் மாவட்டத்தில்தான் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. ஆப்பிரிக்காவிலும் கதை இதுவே. கென்யாவில் 1970-களின் இறுதியில் சுமார் 8 ஆக இருந்த வீதம் 2022-இல் 3.4 ஆயிற்று, அங்கும் படித்த பெண்களுக்கே பிள்ளைகள் குறைவு.

ஆனால் இங்கே ஒரு கசப்பையும் எழுதவேண்டும். குடும்பம் சுருங்கியது, ஆண்பிள்ளை ஆசை சுருங்கவில்லை. ஐந்து பிள்ளைகள் இருந்த வீட்டில் மூன்றாவது பெண்ணுக்கும் இடம் இருந்தது. இரண்டே போதும் என்ற வீட்டில் இரண்டாவது பெண்ணுக்கு இடமில்லாமல் போயிற்று. 2001-இல் இன்றைய தருமபுரி மாவட்ட எல்லைக்குள், ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தனர். சேலத்தில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் நம் மாவட்டத்துக்கும் வந்தது. 2011-இல் எண்ணிக்கை 913 ஆக உயர்ந்தது. உயர்ந்தது என்று மகிழ்ந்தாலும், மீதிப் பெண்கள் எங்கே என்று கேட்காமல் இருக்க எங்களால் முடியவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சையும் பெரும்பாலும் பெண்ணுக்கே. ஆண்கள் செய்துகொள்வது மிக அரிது. குழந்தைத் திருமணச் செய்திகளும் நம் ஊர்களிலிருந்து இன்னும் வருகின்றன.

எங்களுள் ஒருத்தி தன் பாட்டியிடம், தங்கிய ஐந்து பேரில் யார் யார் படித்தார்கள் என்று கேட்டாள். பையன்கள் இருவரும் படித்தார்களாம். கடைசிப் பெண் ஐந்தாவது வரை போனாளாம். "மூத்தவளுங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டதற்குப் பாட்டி சொன்னார்: "அவளுங்க பள்ளிக்கூடம் போனா, தம்பி தங்கச்சிய இடுப்புல யாரு தூக்கறது கண்ணு?"